அந்த வண்டி இன்னும் காட்பாடிக்காரரின் பெயரில்தான் இருக்கிறது

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் காட்பாடியில் தெரிந்தவர் ஒருவரிடம் 2014ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். அம்மாவை மாதம் இரண்டு முறை வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, தெரிந்தவர்தானே என்று விட்டுவிட்டேன். சாவி ஒன்றுதான் கொடுத்தார். போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் இரவில் நிறுத்தியிருந்த கார் ஒன்று காணாமல் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நல்ல பூட்டு எது என்று சொல்லுங்கள். இன்னொன்று: பட்டறைக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லி மூவாயிரம், நாலாயிரம் வாங்கிவிடுகிறார்கள். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மகன் பதினேழு வயதுப் பையன். நன்றாகவே ஓட்டுவான். அவன்தான் கடைக்கு எடுத்துப் போய் வருகிறான், காற்றும் அடித்துக்கொண்டு வருகிறான். மே மாதம் எல்லோருமாக ஏலகிரி போகலாம் என்றிருக்கிறோம். வண்டியைப் பற்றி நான் அடிப்படையாக என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்தப் பூட்டு என்று கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் சில வரிகள் பக்கத்துத் தெருத் திருட்டைவிட எனக்குக் கவலை தருகின்றன. ஆர்.சி. அவர் பெயரில், சாவி ஒன்று, பதினேழு வயதுப் பையன். பூட்டுக்கு முன் இவற்றைப் பேசிவிடுகிறேன்.

முதலில் ஆர்.சி. பணம் கொடுத்தீர்கள், வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது. ஆனாலும் அரசாங்கத்தின் பதிவேட்டில் அது காட்பாடிக்காரரின் வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் எட்டு மாதம் கடந்துவிட்டீர்கள். தாமதக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் கடன் வாங்கி அந்த வண்டியை எடுத்திருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விற்றவர் வெளியூருக்குக் குடிபோவதற்கு முன், உடல்நலத்தோடு இருக்கும்போதே இந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். தெரிந்தவர் என்பதால் தள்ளிப்போட்டீர்கள். தெரிந்தவர் என்பதால்தான் இதைச் சுலபமாக முடிக்கவும் முடியும்.

என் பட்டறைக்குப் பல ஆண்டுகளாக வருகிற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் பழைய காரை விற்றார். வாங்கியவன் பெயர் மாற்றவில்லை, இன்சூரன்சையும் புதுப்பிக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து அந்த வண்டி ஆற்காடு சாலையில் சைக்கிளில் போன ஒருவர்மேல் மோதியது. இழப்பீட்டு வழக்கின் சம்மன் யாருக்கு வந்தது தெரியுமா? அந்தப் பெரியவருக்கு. விற்ற பணத்தைப் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர், தம் எழுபதாவது வயதில் நீதிமன்றப் படி ஏறினார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: விபத்து நடந்த அன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து விலக முடியாது. உங்கள் காட்பாடிக்காரர் இன்று அந்த இடத்தில் நிற்கிறார். அவருக்காகவும் நீங்கள் இதைச் செய்ய வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் வேறு. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே வண்டியோடு வந்துவிடும். திருட்டுக்கும் சேதத்துக்கும் ஆன காப்பீடு அப்படி வராது. 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் வரும். இன்று இரவு அந்தக் கார் காணாமல் போனால், பாலிசி அவர் பெயரில், வண்டி உங்கள் கையில். நிறுவனம் இருவருக்குமே பணம் தர மறுக்க இடமிருக்கிறது. பாலிசித் தாளை எடுத்து, அது முழுக் காப்பீடா அல்லது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா என்றும் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு இது போதும் என்று பலர் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். வண்டி போனால் இன்னொன்று வாங்க முடியாத குடும்பத்துக்கு அந்த மிச்சம் வேண்டாம் என்பது என் எண்ணம். முழுக் காப்பீடு எடுக்கும்போது ஐ.டி.வி. என்று ஒரு தொகை போடுவார்கள். வண்டி திருடு போனால் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது பேசி முடிவு செய்யும் தொகை. பிரீமியம் குறையட்டும் என்று அதைக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் அவருடையதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை வண்டி கடந்த குறுஞ்செய்தி அவருடைய தொலைபேசிக்குப் போகும். போக்குவரத்து விதிமீறல் அபராதச் செய்தியும் அவருக்குத்தான் போகும். ஆர்.சி. மாறியதும் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். திருடு போன வண்டி எந்தத் திசையில் போகிறது என்பதை அந்தக் குறுஞ்செய்தி காட்டிக்கொடுக்கக் கூடும்.

அக்கா மகன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். அவன் நன்றாக ஓட்டுவான் என்பதை நம்புகிறேன். அவனுக்கு உரிமம் இல்லை என்பதுதான் இங்கே பேச்சு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளரும் வண்டியின் உரிமையாளரும் பொறுப்பு. மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. இதெல்லாம் சட்டம். குடியாத்தம் கடைத்தெருவில் பள்ளி விடும் நேரத்தில் எத்தனை பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள் என்பது ஆசிரியையான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பதினெட்டு முடிந்து, பழகுநர் உரிமம் எடுத்து, முறையாகப் படித்த பிறகு ஓட்டட்டும். அதுவரை வாசலில் வண்டியைத் துடைக்கவும் ஆயில் அளவு பார்க்கவும் அவனை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் கையில் ஒட்டும் தொழில் அறிவு பிறகு வராது.

இனி சாவி. ஒவ்வொரு காரும் இரண்டு சாவியோடுதான் விற்பனைக்கு வருகிறது. உங்களிடம் ஒன்று இருக்கிறது, இன்னொன்று எங்கே? காட்பாடிக்காரர் வீட்டு மேசையில் கிடக்கலாம், அவருக்கு முன் வைத்திருந்தவரிடம் இருக்கலாம், என்றோ ஒரு ஓட்டுநரிடம் கொடுத்துத் திரும்ப வாங்காமல் விட்டிருக்கலாம். எந்தப் பூட்டும் உடையாமல், கண்ணாடி நொறுங்காமல் ஒரு வண்டி மறைந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாவி யார் யாரிடம் இருந்தது என்பதுதான். அவரிடம் கேட்டு வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை எடுத்துச் சென்று புதுச் சாவி செய்துகொள்ளுங்கள். செய்யும்போது, பழைய சாவியின் குறியீட்டை வண்டியின் நினைவகத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. 2014 வண்டி என்றால் பெரும்பாலும் சாவிக்குள் ஒரு சில்லு இருக்கும். அந்தச் சில்லின் எண்ணை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். தொலைந்த சாவியின் எண்ணை அழித்துவிட்டால், அதை வைத்துக் கதவைத் திறக்க முடியுமே தவிர வண்டியை ஓட்ட முடியாது. இதற்குச் சில ஆயிரம் செலவாகும். நீங்கள் கேட்ட பூட்டுகளைவிட இந்தச் செலவு மேல். திருட்டுக் காப்பீடு கேட்டுப் போகும்போது நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

சாவி விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. 2006இல் நான் தனியாகப் பட்டறை வைத்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் காரைச் சரிபார்க்க ஓட்டிப் போய், திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். ஐந்து நிமிடம்தானே என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே வண்டி என் கண்முன் கிளம்பிப் போனது. நான்காம் நாள் சித்தூர்ப் பக்கம் ஓரிடத்தில் கிடைத்தது. பேட்டரி இல்லை, நான்கு சக்கரங்களும் இல்லை. அந்த மனிதரிடம் போய்ச் சொன்ன அந்த மாலையை நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் என் கைப்பணத்தில் வாங்கிப் போட்டேன். பள்ளி வாசலில் குழந்தையை இறக்கும்போதும், வீட்டுக் கேட்டைத் திறக்க இறங்கும்போதும் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். சாவியை உள்ளே விட்டுப் போனதை அலட்சியம் என்று காட்டி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணத்தைக் குறைப்பதும் மறுப்பதும் உண்டு.

இப்போது நீங்கள் கேட்ட பூட்டு. இன்ஜின் சில்லு உள்ள வண்டியில் கூடுதலாக ஒன்று போட வேண்டுமென்றால் கியர் பூட்டைச் சொல்வேன். கியர் தண்டை ரிவர்சில் வைத்துப் பூட்டும் இரும்புக் கம்பி அது. வண்டியின் அடித்தளத்தோடு, இறுக்கியதும் தலை முறிந்துவிடும் போல்ட்டுகளால் பொருத்தியதா என்று பாருங்கள். அவற்றை ஸ்பேனர் போட்டுக் கழற்ற முடியாது. ஸ்டியரிங்மீது மாட்டும் நீளக் கம்பிக்கு வேறொரு பயன் உண்டு. எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் அது படும், பக்கத்து வண்டியைப் பார்க்கலாம் என்று அவன் நகர்ந்துவிடுவான். ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துவிட்டால் அது கழன்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் பணம் இருந்தால் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பொருத்துங்கள். உள்ளே சொந்தமாகச் சிறு பேட்டரி உள்ளதாக வாங்குங்கள், வண்டியின் பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் அது பேசும். பொருத்துகிறவர் ஒயரை நடுவில் சீவி டேப் சுற்றிவிட்டுப் போக விடாதீர்கள். தனி ஃப்யூஸ் வைத்துத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். அரைகுறை ஒயரிங்கால் டாஷ்போர்டுக்கு அடியில் கருகிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. செலவு குறைவாக வேண்டுமென்றால், பெட்ரோல் பம்புக்குப் போகும் மின் இணைப்பில் ஒரு மறைவுச் சுவிட்ச் போடலாம். நல்ல எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. அது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் உங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

மருத்துவமனைக்கு வரும் நாட்களில் பக்கவாட்டுத் தெருக்களில் நிறுத்திவிட்டு நாள் முழுக்க உள்ளே இருப்பீர்கள். வேலூரில் வெளியூர் வண்டிகள் இப்படி நாள்கணக்கில் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மருத்துவமனைக்கு வந்தவர் சட்டென்று திரும்பி வரமாட்டார் என்பது திருடுகிறவனுக்கும் தெரியும். சீட்டுக் கொடுக்கும் கட்டண நிறுத்துமிடத்தில் விடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நிறுத்திய இடத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஆர்.சி.யை டாஷ்போர்டில் வைத்திருந்தால் இன்றே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள், திருடியவன் வண்டியை விற்க அது வசதி செய்து கொடுக்கும். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள ஆர்.சி.யைக் காட்டினாலே சட்டப்படி செல்லும். இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவைக்கிறேன். வண்டியில் ஆயில் ஒழுகுகிறது, கீழே பணம் விழுந்திருக்கிறது என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டுவார். நீங்கள் இறங்கிக் குனியும்போது மறுபக்கக் கதவு வழியாகக் கைப்பை போய்விடும். மருத்துவச் செலவுக்குப் பணம் எடுத்து வரும் நாளில் கதவுகளை உள்ளிருந்து பூட்டியே ஓட்டுங்கள்.

அப்படியும் வண்டி போய்விட்டால் நேரம்தான் எல்லாம். குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. பலமநேர் வழியாகப் போனால் கர்நாடகம். விடிந்த பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் வண்டி மூன்றாவது மாநிலத்தில் இருக்கும். உடனே 100 அல்லது 112ஐ அழையுங்கள், காவல் நிலையத்துக்கும் நேரில் போங்கள். நம் ஊரில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது புகார் வாங்கியதற்கான சான்று, அவ்வளவுதான். இன்சூரன்சுக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும். அதைப் பணிவாக, ஆனால் விடாமல் கேட்டு வாங்குங்கள். அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால், வேறு யாரும் அந்த எண்ணில் பெயர் மாற்றம் செய்ய முடியாதபடி குறித்துக்கொள்வார்கள். இதற்கெல்லாம் சேஸிஸ் எண், இன்ஜின் எண், பாலிசி எண் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

பராமரிப்புக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு எழுதி மாளாது. உங்களுக்கு மிகவும் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

நம் பகுதியில் கார் இன்ஜினைக் கொல்வது தண்ணீர். மழையைச் சொல்லவில்லை, போர்வெல் தண்ணீரைச் சொல்கிறேன். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாலாற்றங்கரை நெடுக நிலத்தடி நீரில் உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் கழிவு சேர்ந்த கதையை 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பாக எழுதியது. அந்தத் தண்ணீரை இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டரில் ஊற்றினால் பாத்திரத்தில் படிந்தது போலவே உள்ளேயும் படியும். ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு நாள் வெப்பமுள் மேலே ஏறும். அதைக் கவனிக்காமல் இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போய்விடும். பிறகு இன்ஜின் தலையைக் கழற்றிச் சமன்படுத்த வேண்டும், செலவு பல ஆயிரங்களில் போகும். சில நூறு ரூபாய் கூலன்ட் இதையெல்லாம் தடுக்கும். அதில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையையும் அது உயர்த்தும். கலந்து விற்பதை வாங்கி அப்படியே ஊற்றலாம். கெட்டியானதை வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரோடுதான் கலக்க வேண்டும். பேட்டரிக்கும் அதே தண்ணீர்தான். பட்டறையில் யாராவது வாளியோடு வந்தால் கையை நீட்டித் தடுத்துவிடுங்கள்.

வெப்பமுள் ஏறினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள், இன்ஜினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். அப்படி வெந்த கையோடு உதவியாள் பையன்களை மருத்துவமனைக்கு நான் தூக்கிப் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பத்து நிமிடம் வண்டிக்குக் கொடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் முன் வண்டி நின்ற இடத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏ.சி. நீர், பயமில்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுத்தால் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். பானட்டைத் திறந்து ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் கவலைப்படாதீர்கள், பால் கலந்த காபி போல இருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டும்போது ஆயில் சின்னம் சிவப்பாக எரிந்தாலும் அப்படித்தான், வீடு பக்கம்தானே என்று பார்க்காமல் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தாளில் எழுதியிருக்கும். காலையில், ஓடுவதற்கு முன் அடிக்க வேண்டும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். அது தவறு. காற்றுக் குறைந்த டயர்தான் அதிகம் நசுங்கி நசுங்கிச் சூடாகும், அதுதான் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயர் மேலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் பயனில்லை, பள்ளம் நிறைய இருந்து வயது ஆறைத் தாண்டினாலும் நான் மாற்றச் சொல்வேன். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் பாருங்கள். கைமாறி வந்த வண்டியில் அது வண்டியோடு பிறந்ததாகவே இருப்பது சாதாரணம்.

பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறாரா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள், அல்லாதவர்களும் இருக்கிறார்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஆயில் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள், அதில் கிலோமீட்டரை எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் வருகைப் பதிவேடு வைப்பது போல ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினார்கள், எவ்வளவு. போன மார்ச்சில்தானே பிரேக் பேடு மாற்றினீர்கள் என்று நோட்டைப் பார்த்துக் கேட்கும் வாடிக்கையாளரிடம் யாரும் கூடுதல் வேலை சொல்லமாட்டார்கள். இன்ஜின் ஆயிலுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு. உங்கள் ஓட்டம் குறைவு, உங்களுக்கு எப்போதும் காலக்கெடுதான் முந்தும்.

ஏலகிரி போகும் முன் அந்தப் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழியானால், மிதிக்கும் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போதுதான் சோதிக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று உடன் வருகிறவர் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வழி நெடுக பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கவும் வேண்டாம். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், அம்மாவும் காற்று வாங்குவார்கள்.

இந்த வாரமே காட்பாடிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது சாவி எங்கே என்றும், கையெழுத்துப் போட எந்த நாள் வசதி என்றும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும், ஸ்டெப்னியில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் எனக்கு எழுதுங்கள். டயரை மே மாதத்துக்கு முன் மாற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.